சுட்ட கல்

ஆக்னஸ் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி
வலமிருந்து படித்தால் ஸெங்கா.
எங்கள் பக்கம் அப்படியும் பெயர் வைப்பார்கள்.
ஸெங்கா மெக்ரிண்டில், ஸ்ட்ரான்ரார்.
பால் பண்ணை ஆய்வகத்தில் இரவு வேலை.
புளித்த மோர் வாசனையோடு
நேரே பனித்தளத்துக்கு வருவாள்.

கர்லிங் அணியில் அவள் முதல் ஆள். நான் இரண்டாவது.
முதல் ஆள் தன் இரண்டு கல்லையும் விடும்போது
பார்க்க வந்தவர்கள்
இன்னும் தேநீர் வரிசையில் நிற்பார்கள்.
மிச்சம் ஆறு கல்லுக்கும் முன்னால்
துடைப்பத்தோடு ஓட வேண்டும்.
பத்தொன்பது குளிர்காலம் பெருக்கினாள்.
பெருக்கிச் சேர்த்தது
மூன்று வெண்கலம்,
தேய்ந்த இடுப்பெலும்பு,
செய்தித்தாளில் இரண்டு முறை பெயர்,
ஒரு முறை எழுத்துப்பிழையோடு.
எந்தப் படத்திலும் அவள் முகம் இல்லை.
உச்சி வகிடுதான் இருக்கும்.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஆளில்லாத எய்ல்சா கிரெய்க் தீவின் கருங்கல்,
இருபது கிலோ.
கைப்பிடியை விட்ட கணம் முதல்
அது யாருடையதும் இல்லை.
முன்னால் தேய்த்து வழி செய்யலாம்,
கெஞ்சலாம், கத்தலாம்,
தொடக் கூடாது.
துடைப்பத்தின் ஒரு மயிர் பட்டாலும்
கல்லைச் சுட்டுவிட்டாய் என்பது எங்கள் பேச்சு.
பனிமேல் போகிற கல் எப்படிச் சுடும்
என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெர்த் நகரம். அரையிறுதி. பத்தாம் சுற்று.
தோரா டல்ரிம்பிள் விட்ட கடைசிக் கல்.
அவள்தான் எங்கள் தலைவி,
விட்ட பிறகு அலறிக்கொண்டே பின்னால் வந்தாள்.
நானும் ஸெங்காவும் இருபுறமும் குனிந்து
தோள் கழலத் தேய்த்தோம்.
வளையங்களுக்கு வீடு என்று பெயர்.
வீட்டு வாசலில்
அவள் துடைப்பம் கல்லை உரசியது.
ஓசை இல்லை. கல் வழி மாறவும் இல்லை.
நடுவர் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் பார்த்தேன்.
பார்த்தது நான் மட்டும்தான்.

கல் போய் நடுப்புள்ளியில் நின்றது.
அரங்கம் எழுந்தது.
தோரா துடைப்பத்தை மேலே எறிந்தாள்.

பார்த்ததை என்ன செய்வது என்று
நான் முடிவெடுக்கவில்லை.
இத்தனை வருடத்தில்
இதைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.
முடிவெடுக்கவில்லை என்பதும்
ஒரு முடிவுதான்.
அதற்குள் ஸெங்கா கை தூக்கியிருந்தாள்,
பள்ளியில் கழிப்பறைக்கு அனுமதி கேட்பவளைப்போல.
"நான் சுட்டேன்."

விதி சொல்கிறது:
கல்லை விட்டுவைப்பதா எடுப்பதா
என்பது எதிரணியின் உரிமை.
ஃபோர்ஃபார் தலைவி இஷ்பெல் கார்டைன்
வெகுநேரம் கல்லைப் பார்த்தாள்,
ஸெங்காவைப் பார்க்கவில்லை.
பிறகு காலால் மெல்லத் தள்ளி வெளியேற்றினாள்.
நான் அவள் இடத்தில் இருந்தாலும்
அதைத்தான் செய்திருப்பேன்.
கை குலுக்கினோம்.
வென்றவர்கள் தோற்றவர்களுக்குக்
குடிக்க வாங்கித் தருவது வழக்கம்.
ஸெங்கா இஞ்சி பானம் கேட்டாள்,
கூடவே வறுவல் பொட்டலமும்.

வேனில் தோரா முன் இருக்கை.
ஏர் தாண்டும்வரை யாரும் பேசவில்லை.
தாண்டிய பிறகு தோரா,
"ஜன்னலைச் சாத்து" என்றாள்.
அடுத்த பருவத்துக்கு
வேறொரு முதல் ஆள் வந்தாள்,
நல்ல பெண்தான்.

இப்போது ஸ்ட்ரான்ராரில்
தளத்தைச் செதுக்குவதும் நீர் தெளிப்பதும் ஸெங்காதான்.
முதுகில் தகரக்குடம் சுமந்து
பின்னோக்கி நடந்தபடி
துளித்துளியாய் இறைப்பாள்.
துளி உறைந்து பருவாகும்.
அந்தப் பருக்கள்மேல்தான் கல் ஓடும்.

போன செவ்வாய், உள்ளூர் ஆட்டம்.
என் துடைப்பம் பட்டதோ, படவில்லையோ,
சத்தியமாகத் தெரியாது.
விலகி நின்று கை தூக்கினேன்.
எதிரணிப் பையனுக்குச் சிரிப்பு.
"நான் பார்க்கவே இல்லையே,
விடுங்கள், ஆன்ட்டி."

திரும்பிப் பார்த்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் ஸெங்கா
வறுவல் தின்றுகொண்டிருந்தாள்,
வேறு தளத்தைப் பார்த்தபடி.